டீப்பெட்டிப் பலகையில் ஓர் ஈட்டிக் கதவு

லயத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். நம் வீட்டுக் கதவுகள் எல்லாம் பச்சை. எஸ்டேட் பச்சை. லாரிக்கும் அதே பச்சை, ஆபீஸ் ஜன்னலுக்கும் அதே பச்சை, மருந்து கொடுக்கிற ரூமுக்கும் அதே பச்சை. எல்லாம் ஒரே டின்னில் இருந்து வந்தது.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஆறு வீடு. ஐந்து வீட்டுக் கதவு பச்சை. எங்கள் கதவு மட்டும் ஒரு மழைக்காலம் தொட்டு ஈட்டி மரம்.

போன மாதம் சர்ச் சபையில் பழைய ஆட்கள் கூடியபோது ஒருத்தி கேட்டாள். "ஏடி, ஒங்கக்காளும் நீயும் கதவைத் தூக்கிட்டுப் போனீகளே, அது என்ன கதை?" என்று. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்தது பாதி. மீதி யாருக்கும் தெரியாது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எழுபதுகள் அது. வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் எஸ்டேட். வெள்ளைக்காரத் துரை போய், நம் ஆள் மேனேஜராக வந்து கொஞ்ச வருடம் ஆகியிருந்தது. அம்மாவும் அக்காவும் கொழுந்து எடுத்தார்கள். அப்பா எஸ்டேட் பெயிண்டர். துரை இருந்தவரை பங்களாக் கதவுகளுக்கு மர வரி போடுவது அப்பாவின் வேலை. சாதாக் கதவாக இருக்கும். வண்ணத்தாலேயே அதைத் தேக்கு மாதிரி ஆக்கிவிடுவார். துரைசாணிக்கு அது பிடிக்கும். புது மேனேஜர் வந்தார். எல்லாவற்றுக்கும் பச்சை என்று சொல்லிவிட்டார். அப்பா சரி என்றார். அதன்பின் பச்சைதான் அடித்தார்.

அப்பா அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றால் அவர் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்த வருடம் ஆடி மழையில் எங்கள் பழைய கதவு அடியில் இற்றுப் போனது. எஸ்டேட் ஆசாரி வேறு செய்து கொடுத்தார். சட்டம் சில்வர் ஓக். தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நிற்குமே, அந்த மரம். சட்டத்தின் இரண்டு பக்கமும் டீப்பெட்டிப் பலகையை, தேயிலை அடைத்து அனுப்புகிற பெட்டியின் மெல்லிசுப் பலகையை, ஆணி வைத்து அடித்திருந்தார். நடுவில் வெற்றிடம். பலகையில் டீப்பெட்டியின் கறுப்பு எழுத்து தலைகீழாக இருந்தது. தலையைச் சாய்த்து அதைப் படித்துப் பார்த்தேன். ஒரு கையால் தூக்கலாம் போல இருந்தது கதவு.

அதே மாதம்தான் உபதேசியார் அக்காவுக்கு ஒரு இடம் சொன்னார். ஐந்து எஸ்டேட் சபைகளுக்கு ஜெபம் நடத்த அவர் ஒரே ஆள். வாரத்தில் ஒருநாள் எங்களிடம் வருவார். மாப்பிள்ளைக்கு மேட்டுக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் பாக்டரியில் வேலை. மாப்பிள்ளையின் அப்பா அங்கே வாச்சர். எஸ்டேட்டை ஒட்டின காட்டில் மரம் களவு போகாமல் பார்க்கிற வேலை.

அக்காவுக்கு அந்தப் பையனைத் தெரியும். சபை அசனத்தில் பந்தி பரிமாறினவன். கேட்காமலே இரண்டு தடவை சோறு வைத்தான் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இந்த இடம் அமையவேண்டும் என்று அவள் ஜெபம் பண்ணியது எனக்குத் தெரியும். ஒரே கம்பளிக்குள் படுக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

அப்பா புதுக் கதவைச் சுவரில் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாச்சரு. முப்பது வருசமா மரத்தோடயே கெடக்குற மனுசன்," என்றார்.

"கெடந்தா என்ன?" என்றாள் அம்மா.

"மரம் தெரிஞ்ச ஆளு கண்ணுக்குத்தான் மரத்தைக் காட்டணும்."

"ஊரோட ஒத்துப் பச்சையவே அடிச்சிட்டுப் போங்களேன்."

அப்பா பதில் சொல்லவில்லை.

ஈட்டி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரும்பழுப்பு மரம். உள்ளே கறுப்பு வரி ஓடும். கல் மாதிரி கனம். சர்க்கார் மரம், ஒரு கொம்பை வெட்டினாலும் கேஸ். தேக்கு போட்டிருந்தால்கூட இத்தனை வினை வந்திருக்காது. அப்பா ஈட்டிதான் போடுவேன் என்றார்.

ஆணித் தலைகளை மக்கு வைத்து அடைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். எழுத்து மறைகிற மாதிரி காவி நிறத்தில் இரண்டு பூச்சு. அது காய மூன்று நாள். அந்த மூன்று நாளும் வாசலுக்குப் படங்குதான் கதவு. மழைக்குக் கொழுந்துக்காரிகள் இடுப்பில் சுற்றுவார்களே, அந்தத் தார்ப்பாய். காற்றுக்கு அது அடித்துக்கொண்டே இருக்கும். கதவை அடுப்புக்கு மேலே குறுக்கே போட்டுக் காயவைத்தார். சோறு, ரசம், கட்டஞ்சாயா எல்லாம் டர்பன்டைன் வாசம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மூக்கைச் சுளித்தாள். "என்ன தாயி, சம்மந்தக்காரங்களுக்குப் பெயிண்டு ரசமா வைக்கப் போற?"

"குடிச்சா வயித்துக்குள்ள பளபளன்னு இருக்கும்க்கா," என்றாள் அம்மா.

நாலாம் நாள்தான் வரி போடுகிற வேலை. கறுப்பும் காவியும் கலந்து தண்ணி மாதிரி ஆக்கி, கதவு பூராவும் பூசினார். அது ஈரமாக இருக்கும்போதே வரி இழுத்துவிட வேண்டும். காய்ந்தால் போச்சு. அப்பா அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"சீப்பைக் குடு."

அக்காவிடம் ஒரு கொம்புச் சீப்பு இருந்தது. அத்தை குமுளியில் வாங்கிக் கொடுத்தது. நல்ல கறுப்பு. விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரம் தேன் நிறமாகத் தெரியும். கொடுத்தாள். அப்பா குறட்டை எடுத்து அதன் பல்லை ஒன்று விட்டு ஒன்று, சில இடத்தில் இரண்டு விட்டு ஒன்று, மளுக் மளுக்கென்று ஒடித்தார். அக்கா அப்படியே நின்றாள். பிறகு அம்மாவின் பேன்சீப்பை வைத்துத்தான் தலை வாரினாள். அவ்வளவு முடிக்கு அது பத்தவில்லை.

அந்தச் சீப்பில் ஈரத்துணியைச் சுற்றி மேலிருந்து கீழே இழுத்தார். கை லேசாக நடுங்குகிற மாதிரி ஒரு அசைவு. அவர் வேண்டுமென்றே நடுக்குகிறார். வரி வந்தது. அதன்மேல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டினார். வரி மங்கி உள்ளே இறங்கியது. டீப்பெட்டிப் பலகை என் கண் முன்னாலேயே மரமாகிக்கொண்டிருந்தது.

"ஏய், இங்க வா. ஒன் கட்டைவிரலைக் காட்டு."

மரத்துக்குக் கண் வைக்கவேண்டுமாம். கிளை முளைத்த இடத்தில் வட்டமாக இருக்குமே, அது. அவர் விரல் பெரிது. என் விரலைத் துடைத்து, அவர் காட்டின இடத்தில் அழுத்தி, அரைச் சுற்றுத் திருகச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் கண். வரிகளை அதைச் சுற்றி வளைத்துவிட்டார்.

"ஈட்டிக்கு ரொம்பக் கண்ணு இருக்காது. ஏழு போதும்."

"இது எங்கருந்துப்பா வந்த மரம்?" என்று கேட்டேன்.

"காட்டுலருந்துதான். மரம் பின்ன எங்கருந்து வரும்?" என்றார். சிரித்தாரா என்று ஞாபகமில்லை.

அவர் பிரஷ் கழுவப் போனபோது கீல் பக்கம் அடியில் நானாக ஒரு கண் வைத்தேன். எட்டாவது. யாரும் கேட்கவில்லை. வைத்துப் பார்க்கவேண்டும் போல இருந்தது, வைத்தேன்.

வார்னிஷ் காய்ந்து கதவை மாட்டின அன்று லயமே வந்து பார்த்தது. கங்காணி விரலை மடக்கித் தட்டப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்துவிட்டார். "தட்டாதீங்க. தடவிப் பாருங்க." தட்டினால் பெட்டிச் சத்தம் வந்துவிடும்.

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவுக வரும்போது யாராவது கேட்டா ஈட்டின்னு சொல்லு. வேற பேச்சு ஒண்ணும் பேசாத." தலையாட்டினேன். எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டால் சொல்ல அப்பா ஒரு பதில் வைத்திருந்தார். துரை பங்களாவில் கழித்த பழைய கதவு, துரை போகும்போது கொடுத்துவிட்டுப் போனது என்று. அந்தப் பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளையிடம் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தார்கள். வாச்சர், அவர் வீட்டுக்காரி, மாப்பிள்ளை, கூட உபதேசியார். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மஞ்சு. வாச்சர் காக்கிக் கோட்டு, காக்கித் தொப்பி. தொப்பியில் பனி முத்து முத்தாக நின்றது. ஐந்து பச்சைக் கதவைத் தாண்டி வந்தவர் எங்கள் வாசலில் நின்றுவிட்டார்.

கதவு திறந்து சுவரோடு ஒட்டி இருந்தது. அவர் தொப்பியை எடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். குனிந்து பார்த்தார். அப்பா பின்னாலேயே நின்றார். அப்பாவின் முகத்தை அன்று மாதிரி நான் பார்த்ததில்லை.

வாச்சர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அக்கா சாயா கொண்டுவந்தாள். ஒரே ஒரு தடவை தலை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்துபோயிருந்தது. வாச்சர் பாதிச் சாயாவோடு வெளியே எழுந்து வந்தார். நான் வாசலில் அவர்கள் குடையை வடிய வைத்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா."

"என்ன மாமா?"

"கதவு நல்லாருக்கே. என்ன மரம்?"

"ஈட்டி."

"அப்படியா. யாரு குடுத்தா?"

இதற்குப் பதில் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"யாரும் குடுக்கல. எங்கப்பாவே கொண்டாந்தாரு."

"எங்கருந்து?"

"காட்டுலருந்து."

அவர் என் தலையில் கையை வைத்தார். "உள்ள போ தாயி. நனையாத," என்றார்.

உபதேசியார் ஜெபம் பண்ணினார். போய்விட்டார்கள். அப்பா கதவை ஒரு துணியால் துடைத்தார். "பாத்தியா. வாயடைச்சுப் போயிட்டாரு," என்றார் அம்மாவிடம்.

இரண்டு வாரம் கழித்து உபதேசியார் வந்து, "அவுக இப்பம் வேண்டாம்னு நெனைக்காக," என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "கர்த்தருக்குச் சித்தமில்ல போல," என்றார். அம்மா அவரை வாசல்வரை போய் அனுப்பிவைத்தாள். அவர் போனபின் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"நிமிந்து பாத்தா பாரு, கெடேரிக் கன்னு மாதிரி. யாரு பிடிக்கும்னு சொல்லுவா?"

பெரியம்மா, "சாயாவுல இனிப்புப் பத்தல. வாயில வச்சதும் நெனச்சேன்," என்றாள்.

"ஆமா, நீங்க சாயாவுக்கே பொண்ணு கட்டுவீக," என்றாள் அம்மா. கோபம் அங்கேயும் போனது.

அக்கா கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள், வந்தாள். தலையை வாரி முடிந்துகொண்டு வெளியே போனாள் என்றால் திரும்பி வரும்வரை நிமிரமாட்டாள். தான் நிமிர்ந்து பார்த்ததுதான் காரணம் என்று அவள் நம்பிவிட்டாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு மாதம் போனது. உபதேசியார் வழக்கம்போல் வந்தார். அப்பா வீட்டில் இருந்தார். அம்மா சாயா கொடுத்தாள். உபதேசியார் கதவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். கோவப்படக்கூடாது. நீரு இதை எந்தப் பக்கம் வெட்டுனீரு?"

"எதை?"

"ஈட்டிய."

அப்பாவுக்குப் புரியவில்லை. உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். "வாச்சரு சொல்லுதாரு. களவு மரம் நிக்குற வீட்டுல சம்மந்தம் வச்சா என் காக்கிச்சட்டைக்கு என்ன மரியாதைன்னு. கேஸ் எழுதாம விட்டது அந்தப் பொண்ணு மொகத்துக்காகத்தானாம். தீர விசாரிச்சுட்டுத்தான் சொல்லுதேன்னாரு."

நான் உரலுக்குப் பின்னால் நின்றேன். யாரிடம் விசாரித்தார் என்று உபதேசியார் சொல்லிவிடுவார் என்று பயந்து நின்றேன். அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்று பிறகு புரிந்தது.

"களவு மரமா?" என்றார் அப்பா. "அவருக்கேவா தெரியல?"

பிறகு சிரித்தார். சத்தமாக இல்லை. மெதுவாக, உள்ளுக்குள்ளேயே. முப்பது வருடம் மரத்தோடு கிடந்த ஆள் கை வைத்துத் தடவியும் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அதற்கு. கொஞ்ச நேரம்தான். அப்புறம் முகம் மாறிவிட்டது. ஆனால் அக்கா அடுப்படியில் இருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

உபதேசியாருக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. கதவைத் தட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினார். "நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு அண்ணே. ஒங்களுக்குப் பரிஞ்சு பேசுதேன்னு நெனப்பாரு. நீரே போயிரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வார ஞாயித்துக்கெழமையே போங்க," என்றாள் அம்மா. "டீப்பெட்டிப் பலகைதான்னு சொல்லிட்டு வாங்க."

"போறேன்."

போகவில்லை. முதல் ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு தடுமன் என்றார். அன்று எனக்கு அப்பாமேல் கோபம். இப்போது யோசித்தால் கொஞ்சம் தெரிகிறது. களவாணி இல்லை என்று நிமிர்ந்து சொல்லலாம். உங்களை ஏமாற்றத்தான் பூசினேன் என்று எப்படிச் சொல்ல? அதோடு இன்னொன்றும் இருந்திருக்கும். வாழ்நாள் பூராவும் அடுத்தவன் கதவுக்குப் பூசின மனுசர். தன் வீட்டுக்கு ஒரே ஒரு கதவு பூசினார். அது ஒரு ஆள் மனதிலாவது ஈட்டியாக நிற்கிறது. அதைத் தன் கையால் போய் அழிக்க அவரால் முடியவில்லை. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். அவர் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

மூன்றாம் ஞாயிறு. அப்பா பாக்டரிக்கு ஏதோ அவசர வேலை என்று போயிருந்தார். அக்கா தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தியை எடுத்தாள். கீல் ஆணிகளை அடியிலிருந்து தட்டித் தட்டி மேலே எழுப்பினாள். மூன்று ஆணி. கதவு கழன்று அவள் தோளில் சாய்ந்தது.

"ஏய், அந்தப் பக்கம் பிடி."

"எங்கக்கா?"

"பிடிடி."

அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்தாள். கதவில்லாத வாசலைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன்.

"படங்கைப் போட்டுக்கிட்டுப் போங்க. மழை வரும்," என்றாள்.

மேடு தாண்டி மூன்று மைல். அக்கா முன்னால், நான் பின்னால். கதவைத் தலைமேல் கிடத்தி ஆளுக்கு ஒரு முனை பிடித்துக்கொண்டோம். எனக்கு அக்கா தெரியமாட்டாள். கதவுக்கு அடியில் அவள் குதிகால் மட்டும் தெரியும். சேறு, குதிகால், சேறு, குதிகால். அதைப் பார்த்தே நடந்தேன். அட்டை ஏறினாலும் தட்டிவிடக் கை இல்லை.

சபைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் எதிரே வந்தார்கள்.

"ஏ புள்ள, வீட்டைக் கழட்டிக்கிட்டு எங்க போறீக?"

"செவுரு எங்கடி? பின்னால வருதா?"

"மாப்ளவீட்டுக்குச் சீரு போகுதோ?"

சிரித்தார்கள். அக்கா நிற்கவில்லை. நான்தான் கேட்டேன். "அக்கா, அந்த அத்தானுக்காகவா போறோம்?"

"வாயை மூடிட்டு நட."

ஒரு வளைவு தாண்டி அவளே பேசினாள். "அப்பாவைக் களவாணின்னு ஒரு மனுசன் நெனச்சுக்கிட்டே இருக்காரு. ஒனக்குச் சோறு எறங்குதா? எனக்கு எறங்கல."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். 'நான்தான் சொன்னேன் அக்கா, காட்டுலருந்துன்னு.' வாய்வரை வந்தது. முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. குதிகாலிடம் எப்படிச் சொல்வது?

மேட்டின் உச்சியில் காற்று பிடித்துக்கொண்டது. அந்த இடம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்; ஆளையே தள்ளும் காற்று. கதவு மேலே எழும்பியது. நான் தொங்கிக்கொண்டே இரண்டடி போனேன். என் கால் தரையில் இல்லை. அக்கா கத்தினாள். இரண்டு பேரும் கதவைச் சாய்த்துப் பிடித்தோம். அது எங்களைத் தேயிலைக்குள் இழுத்துக்கொண்டு போனது. விழுந்து எழுந்து மறுபடி தூக்கினோம்.

கீழே வாச்சர் வீட்டு முற்றத்தில் அவர் கம்போடு நின்றார். நாங்கள் உச்சியில் தெரிந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்கிறவரை அவர் அசையவில்லை. கதவை இறக்கினோம். அக்கா பேச வாயெடுத்தாள். மூச்சு வாங்கியது.

"வேண்டாம் தாயி," என்றார் வாச்சர். "பாத்துட்டேன். காத்துக்குப் பறக்குற ஈட்டிய என் சர்வீசுல பாத்ததில்ல."

கம்பைச் சுவரில் சாய்த்தார். கதவை ஒரு கையால் தூக்கினார். இறக்கி வைத்தார். விரலை மடக்கித் தட்டினார். டொக். திரும்பவும் தட்டினார். டொக். படியில் உட்கார்ந்துவிட்டார்.

"டீப்பெட்டி," என்றார்.

"ஆமா மாமா," என்றாள் அக்கா. "எங்கப்பா மரம் வெட்டுற ஆளு இல்ல. வண்ணம் பூசுற ஆளு. அதைச் சொல்லத்தான் வந்தோம். மத்தது ஒங்க இஷ்டம்."

மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்து வாசலில் நின்றான். லுங்கியும் பனியனும். என்ன செய்வது என்று தெரியாமல் கதவை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை.

வாச்சர் கேட்டார். "இம்புட்டுத் தூரம் எதுக்குத் தாயி சொமந்துக்கிட்டு வந்த? ஒங்கப்பா வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா?"

"சொன்னா நம்பியிருப்பீகளா?"

அவர் யோசித்தார். "இல்ல," என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். நான் அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். இப்போது சொல்லிவிடுவார். இந்தப் பிள்ளைதான் சொன்னது என்று அக்கா முன்னால் சொல்லிவிடுவார். வெகுநேரம் பார்த்தார்.

"சின்னது நனைஞ்சிருக்கு. தலையைத் தொவட்டி விடு," என்றார் அவர் வீட்டுக்காரியிடம்.

அந்த அத்தை தலை துவட்டி, அட்டைக்கு உப்பு வைத்து, அவித்த கப்பைக்கிழங்கும் கட்டன்காப்பியும் கொடுத்தாள். மழை இறங்கிவிட்டது. கதவு இங்கே இருக்கட்டும், நீங்கள் போங்கள் என்றார் வாச்சர். படங்கைப் போர்த்திக்கொண்டு வந்தோம்.

அப்பா கதவில்லாத வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. அம்மா சொல்லியிருப்பாள். அக்கா அவர் எதிரே நின்றாள். திட்டுவாரோ அழுவாரோ என்று நான் பார்த்தேன்.

"வண்ணம் எங்கயும் உரசுச்சா?" என்றார்.

"உரசல," என்றாள் அக்கா.

"ம்," என்றார்.

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மாவும் சிரித்தாள். எதற்கு என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் எல்லாம் பாதையில் நின்றுவிட்டார்கள். வாச்சர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். காக்கிக் கோட்டு. தலையில் தொப்பி இல்லை, எங்கள் கதவு இருந்தது. மகனை அனுப்பியிருக்கலாம். எஸ்டேட் ஆளை விட்டிருக்கலாம். தானே சுமந்து வந்தார். லயத்துக்கு முன்னால் எல்லாரும் பார்க்க நடந்து வந்து எங்கள் வாசலில் இறக்கினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு பேருமாகக் கதவை மாட்டினார்கள். வாச்சர் தூக்கிப் பிடித்தார், அப்பா ஆணி இறக்கினார். மாட்டி முடித்ததும் வாச்சர் தள்ளி நின்று பார்த்தார்.

"வரி நல்லாருக்கு. ஆனா ஒரு குத்தம்."

அப்பா திரும்பினார். "என்ன குத்தம்?"

வாச்சர் குனிந்து கீல் பக்கம் அடியில் விரலை வைத்தார். "இங்ஙன ஒரு கண்ணு அதிகம். இந்த எடத்துல மரத்துக்குக் கண்ணு வராது."

அப்பா எண்ணினார். "ஏழுதான் வச்சேன்." மறுபடி எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். "இது இவ வேலை. கேக்காம வச்சிருக்கா."

வாச்சரும் என்னைப் பார்த்தார்.

"பிள்ளைகதான. ஒண்ணு கூடத்தான் வைக்கும்," என்றார்.

அதோடு விட்டுவிட்டார்.

தை மாதம் அக்காவுக்கு அந்த அத்தானோடு கல்யாணம் நடந்தது. பல் போன கொம்புச் சீப்பு, காவி அப்பிக் காய்ந்தபடி, ரொம்ப நாள் கூரை இடுக்கில் செருகி இருந்தது. தகரம் மாற்றியபோது எங்கோ போயிற்று. அப்பா வேலை முடிந்து வீட்டை விட்டோம். அடுத்து வந்தவர்கள் கதவுக்குப் பச்சை அடித்துவிட்டார்கள். அது எஸ்டேட் வழக்கம். குற்றம் சொல்வதற்கில்லை.

அதுவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாச்சர் மாமா வருவார். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிவார். குனிந்த வாக்கில் அந்த எட்டாவது கண்ணை விரலால் ஒருமுறை தட்டுவார். டொக். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். சாகிறவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். இதை அச்சில் பார்த்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பாள். காட்டுலருந்து என்று சொன்னது யார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரியும். படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவாள். நான் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பேன்.

"வாயை மூடிட்டு நட," என்பாள்.